கட்டில்: படுக்கவா, உட்காரவா?

ஒரு தேர்தல் முடிவு நாள். டிவியில் செய்தி வாசிப்பவர் "ஆட்சிக் கட்டிலில் அமரப்போவது யார்?" என்று பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டிருந்தார். ஏழாவது படிக்கும் என் மகள் திரும்பிப் பார்த்து, "ஏம்ப்பா, கட்டில்ல படுக்கத்தானே செய்வாங்க? இவங்க எதுக்கு உட்கார்றாங்க?" என்றாள். "சபையில தூங்குறாங்கல்ல, அதான்" என்று சொல்லிச் சமாளித்தேன். சிரித்தாள். ஆனால் கேள்வி அப்படியே நின்றுவிட்டது. நாற்பது வருஷமாக இந்தச் சொற்றொடரைக் கேட்டு வருகிறேன், ஒருநாளும் எனக்கு இது தோன்றியதில்லை.

இன்னொரு பழைய கணக்கும் பாக்கி இருந்தது. சில வருஷங்களுக்கு முன்னால் ஆபீஸ் பொங்கல் விழாவில் "உலக மொழிகளில் தமிழ்ச் சொற்கள்" என்று பதினைந்து நிமிஷம் பேசினேன். கட்டுமரம், மிளகுத்தண்ணீர், சுருட்டு என்று வரிசையாக ஸ்லைடு. அதில் ஒன்று: ஆங்கிலத்தின் 'காட்', நம்முடைய கட்டிலிலிருந்து போனது. நல்ல கைதட்டு. முடிந்ததும் கான்பூர்க்கார நண்பர் ஒருவர் காபி கப்போடு வந்து, "அது எங்க ஊர் காட் ஆச்சே, கட்டியா என்றுகூடச் சொல்வோமே, அதை எப்படி உங்களுது என்கிறீர்கள்?" என்று சாதாரணமாகக் கேட்டார். எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. "எல்லாம் இங்கிருந்து போனதுதான்" என்று சொன்னேன். ஆதாரம் என்ன என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால், எனக்கு வந்த ஒரு ஃபார்வர்டு மெசேஜைத் தவிர என் கையில் ஒன்றும் இல்லை.

நான் மொழியியல் படித்தவன் இல்லை. பி.ஈ. முடித்து கோடு எழுதுகிறவன். ஆனால் எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. தப்பான கோடு நம்முடையது என்று தெரிந்தால், அதைத் திருத்துகிற வேலையும் நம்முடையதுதான். இது அந்த வேலை.

முதலில் வீட்டுக் கட்டில். எங்கள் ஊர் கோவில்பட்டிப் பக்கம், கரிசல் காடு. தாத்தா வீட்டில் இரண்டு கட்டில் இருந்தன. வாசலில் வேப்பமரத்தடியில் ஒரு நார்க்கட்டில்: நாலு கால், நாலு சட்டம், நடுவில் பின்னல். நார் தளர்ந்து தொட்டில் மாதிரி தொங்க ஆரம்பித்ததும் கால்மாட்டுப் பக்கம் இருக்கும் கயிற்றை இழுத்து முறுக்கி மறுபடி கட்டுவார்கள். உள்ளே தாத்தாவுடைய மரக்கட்டில், கனத்த பலகை போட்டது, நல்ல உயரம். சின்னப் பிள்ளையாக ஏறும்போது முக்காலி போட்டுத்தான் ஏறுவேன். வீட்டில் மற்ற எல்லாரும் பாயில்தான். பாட்டி எந்தக் கட்டிலிலும் படுத்து நான் பார்த்ததில்லை.

கட்டில் என்ற சொல் 'கட்டு' என்ற வினையிலிருந்து வந்தது என்று சொல்பவர்கள் அந்த வாசல் கட்டிலைத்தான் மனதில் வைத்துச் சொல்கிறார்கள். சட்டங்களைச் சேர்த்து, கயிறு பின்னிக் கட்டுவதால் கட்டில். கேட்க நியாயமாக இருக்கிறது. பக்கத்திலேயே தொட்டில் என்று இன்னொரு சொல்லும் அதே ஓசையோடு நிற்கிறது. பழைய இலக்கியத்தில் கட்டிலுக்கு இன்னொரு பெயராக வரும் பாண்டில் என்பதற்கும் இதே முடிவுதான். ஆக, தமிழுக்குள் இந்தச் சொல் தனியாக, உறவில்லாமல் நிற்கவில்லை. இது முக்கியம், பின்னால் தேவைப்படும்.

ஆனால் சங்க இலக்கியத்தில் கட்டிலைத் தேடினால் கயிறும் நாரும் அவ்வளவாகக் கண்ணில் படவில்லை. கண்ணில் படுவது அரசன்.

'அரசு கட்டில்' என்றால் சிம்மாசனம். சிலப்பதிகாரத்தில் கண்ணகி வழக்குரைத்த பின் தவறை உணர்ந்து அந்த இடத்திலேயே உயிர்விட்ட பாண்டியனை, அரசு கட்டிலில் துஞ்சிய நெடுஞ்செழியன் என்றே குறிப்பிடுகிறார்கள். துஞ்சுதல் என்றால் தூக்கமும்தான், சாவும்தான். குராப்பள்ளித் துஞ்சிய, இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய, சித்திரமாடத்துத் துஞ்சிய என்று செத்த இடத்தை வைத்து அரசர்களை அடையாளம் சொல்வது அந்தக் காலத்து வழக்கம். இந்தப் பாண்டியன் செத்த இடம் அவனுடைய இருக்கை. அந்த இருக்கையின் பெயர் கட்டில். இன்றைக்குச் செய்தி வாசிப்பவர் சொல்லும் ஆட்சிக் கட்டில் இதன் நேர் வாரிசு. புதிதாக யாரோ கவித்துவமாகக் கண்டுபிடித்தது இல்லை.

அரசனுக்கு மட்டும் இல்லை, அவனுடைய முரசுக்கும் கட்டில் உண்டு. புறநானூற்றின் 50ஆவது பாட்டின் பின்னணி பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். மோசிகீரனார் என்ற புலவர் சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையின் அரண்மனைக்கு வருகிறார். நடந்து வந்த களைப்பு. முரசை நீராட்ட எடுத்துப் போயிருக்கிறார்கள், அது இருக்கும் கட்டில் பூப்பரப்பிக் காலியாகக் கிடக்கிறது. படுத்துத் தூங்கிவிடுகிறார். முரசு கட்டிலில் ஏறியவனை வாளால் இரண்டாக வெட்டுவதுதான் முறை. அரசன் வெட்டவில்லை. விசிறி எடுத்து வீசினான். விழித்தெழுந்து புலவர் பாடிய பாட்டு அது.

எட்டாம் வகுப்பில் இதை "தமிழ்ப் புலவருக்கு மன்னர் தந்த மரியாதை" என்று படித்து ஐந்து மதிப்பெண் வாங்கினேன். இப்போது படிக்கும்போது வேறு ஒன்று உறைக்கிறது. ஒரு மனுஷன் தூக்கம் தாங்காமல் கட்டிலில் படுத்தான், அதற்குத் தண்டனை மரணம். அரசனின் பெருந்தன்மை கதையாக நிலைத்துவிட்டது. ஆனால் அந்தப் பெருந்தன்மைக்கு அவசியம் வந்ததே, கட்டில் என்பது எல்லாரும் ஏறும் இடமாக இல்லாததால்தானே.

இன்னொரு பாட்டு, புறநானூறு 286, ஔவையாருடையது. போரில் செத்த வீரனைக் கிடத்தும் பாடையை அதில் கட்டில் என்கிறார், ஆனால் கால் கழித்த கட்டில். அதாவது கால்களை எடுத்துவிட்டால் கட்டில் பாடை. இந்த ஒரு அடைமொழியைப் படித்தபோதுதான் எனக்குப் பிடி கிடைத்தது. கட்டிலை மற்றப் படுக்கையிலிருந்து பிரித்துக் காட்டுவது பின்னலோ பலகையோ அல்ல. கால்கள். தரையிலிருந்து தூக்கி நிறுத்தும் அந்த உயரம்.

உயரம் என்று வைத்துக்கொண்டால் மகளின் கேள்விக்குப் பதில் வந்துவிடுகிறது. நாம் நாற்காலிக் காலத்து மனிதர்கள். உட்காருவதற்கு ஒரு சாமான், படுப்பதற்கு வேறொரு சாமான் என்று பிரித்து யோசிக்கிறோம். சம்மணம் போட்டோ, ஒரு காலை மடக்கி ஒரு காலைத் தொங்கவிட்டோ, திண்டில் சாய்ந்தோ இருக்கிற பழக்கமுள்ள ஊரில் இந்தப் பிரிவுக்கே தேவை இல்லை. மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலில் சோமாஸ்கந்தர் சிற்பத்தைப் பாருங்கள். சிவனும் உமையும் நடுவில் குழந்தையும், ஒரே அகலமான ஆசனத்தில். அதைச் சிம்மாசனம் என்றாலும் சரி, கட்டில் என்றாலும் சரி. உட்காரவும் ஆகும், சாயவும் ஆகும். முக்கியமான விஷயம், மற்றவர்கள் தரையில், இவர்கள் மேலே.

கட்டில் அரச சாமானாக இருந்ததற்கு இன்னும் ஒரு சாட்சி பத்துப்பாட்டில் உள்ள நெடுநல்வாடை. நக்கீரர் அரசியின் கட்டிலை, பாண்டில் என்று பெயர் சொல்லி, தச்சன் எழுதிய செய்முறைக் குறிப்பு மாதிரி விவரிக்கிறார். நாற்பது வயதான, போரில் வீழ்ந்த யானையின் தந்தம், அதில் செதுக்கிய வேலைப்பாடு, மேலே விரித்த மெத்தை என்று போகிறது. அவ்வளவு சிறப்பான கட்டிலில் அரசி தூக்கமில்லாமல் கிடக்கிறாள். அரசன் பாசறையில்.

இனி அந்த ஸ்லைடு.

ஆங்கிலத்தில் 'காட்' என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஒன்று குடிசை என்ற பொருளில், காட்டேஜ் என்பதன் உறவு. அது அவர்களுடைய சொந்தச் சொல், நமக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. (இதையும் தமிழ் என்று சொல்லும் ஃபார்வர்டு ஒன்று சுற்றுகிறது. விட்டுவிடுங்கள்.) இன்னொன்று படுக்கும் காட். இது 17ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயர்கள் எடுத்துப்போனது. கப்பலில் உத்தரத்திலிருந்து தொங்கவிடும் கித்தான் படுக்கைக்கு, பிறகு ராணுவ முகாமின் மடக்குக் கட்டிலுக்கு, பிறகு பிரிட்டனில் கைக்குழந்தை படுக்கும் கம்பி வைத்த தொட்டிலுக்கு என்று அந்தச் சொல் தாவிப் போயிருக்கிறது.

இந்தியாவில் எங்கிருந்து எடுத்தார்கள்? பெரும்பாலான ஆங்கில அகராதிகளைத் திறந்தால் இந்தி 'காட்' என்றுதான் இருக்கும், அதற்குப் பின்னால் சமஸ்கிருத 'கட்வா'. இந்தியில் கட்டியா என்பது சின்னக் கட்டில். மூட்டைப்பூச்சிக்கு அங்கே 'கட்மல்' என்று பெயர், அதிலும் இந்தக் காட் இருக்கிறது. கான்பூர்க்காரர் சொன்னது வெறும் வீம்பு இல்லை.

ஆனால் 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் என்ற ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதி இவ்வளவு சுலபமாக முடிவு சொல்லவில்லை. அதைத் தொகுத்த இருவரில் பர்னெல் சென்னை மாகாணத்தில் வேலை பார்த்தவர், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், தஞ்சை அரண்மனையின் சமஸ்கிருதச் சுவடிகளுக்குப் பட்டியல் தயாரித்தவர். இரண்டு பக்கமும் தெரிந்த ஆள். அந்த அகராதி சொல்வது சுருக்கமாக: இந்தச் சொல்லின் மூலம் கொஞ்சம் சிக்கலானது. தென்னிந்தியாவில் காட் என்பது எங்கும் புழங்குகிறது. வடக்கிலோ ஐரோப்பியர்கள் பேச்சில் சார்பாய் என்ற சொல் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது, காட் படைவீரர்களின் பாளையங்களில்தான் தங்கியிருக்கிறது. இப்படிப் படைவீரர் வாயில் தங்கும் சொற்கள் பெரும்பாலும் தெற்கிலிருந்து போனவை. ஆனால் வடக்கில் காட், தெற்கில் கட்டில் என்று இரண்டு பக்கமும் பொருத்தமான உள்ளூர்ச் சொல் இருப்பதால், அந்தந்தப் பகுதியில் அது அது காரணமாக இருந்திருக்கலாம்.

அதாவது இரண்டு ஓடைகள் ஒரே குளத்தில் விழுந்திருக்கின்றன. எந்தத் தண்ணீர் யாருடையது என்று பிரிக்கச் சொன்னால் எப்படி? நான் ஸ்லைடில் போட்டது ஒரு ஓடையை மட்டும். கான்பூர்க்காரர் சொன்னதும் ஒரு ஓடையைத்தான்.

"சரி, அந்தச் சமஸ்கிருதக் கட்வாவே தமிழ்க் கட்டிலிலிருந்து போனதுதானே?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நானே அப்படித்தான் கேட்டேன். இங்கே விஷயம் சுவாரஸ்யமாகிறது.

கட்வா பழைய சொல். பாணினியின் இலக்கணத்தில் அதற்கென்றே ஒரு குட்டி விதி இருக்கிறது. பாணினியின் காலம் பொதுவாக கி.மு. 5-4ஆம் நூற்றாண்டு என்பார்கள். அந்த விதிப்படி கட்வாவோடு 'ஏறியவன்' என்ற சொல் சேர்ந்து 'கட்வாரூட' என்று தொகைச்சொல் ஆகும், ஆனால் திட்டுவதற்கு மட்டும்! கட்டில் ஏறியவன் என்பது வசைச்சொல். ஏன் வசை என்று பின்னால் வந்த பதஞ்சலி விளக்குகிறார்: படிப்பை முடித்து, குருவின் அனுமதி பெற்ற பிறகுதான் மாணவன் கட்டிலில் ஏறவேண்டும். அதற்கு முன்பே ஏறுகிறவன் நெறி தப்பியவன். படிக்கும் காலத்தில் தரைதான். பௌத்தர்கள் நோன்பு நாளில் ஏற்கும் எட்டு ஒழுக்கங்களிலும் உயரமான படுக்கையைத் தவிர்ப்பது ஒன்று. நம் மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் சமண முனிவர்களுக்கு வெட்டிக்கொடுத்த கற்படுக்கைகளைப் பார்த்திருப்பீர்கள், பாறையோடு பாறையாகக் கிடக்கும். வடக்கிலும் தெற்கிலும் சாமானின் அர்த்தம் ஒன்றாகத்தான் இருந்திருக்கிறது. யார் ஏறலாம், எப்போது ஏறலாம் என்ற கேள்வியோடுதான் கட்டில் வருகிறது.

இப்போது யார் யாரிடம் வாங்கினார்கள்? சமஸ்கிருதப் பதிவு முந்தையது, எனவே தமிழ்தான் வாங்கியது என்று ஒருவர் சொல்லலாம். அது தப்பான வாதம். இரண்டு சர்வர்களின் லாக் இருக்கிறது, ஒன்றில் டைம்ஸ்டாம்ப் முந்தியது என்பதால் சம்பவம் அங்கேதான் தொடங்கியது என்று சொல்ல முடியாது. மற்ற சர்வர் அப்போது லாக் எழுத ஆரம்பிக்காமல் இருந்திருக்கலாம். நமக்குக் கிடைத்துள்ள தமிழ் எழுத்து தொடங்குவதே பாணினிக்குப் பிறகுதான். பேச்சு அதற்கு முன்பே இருந்தது.

தமிழ்ப் பக்கத்துக்கு வலு சேர்ப்பவை எவை? கட்வா என்ற சொல்லுக்குச் சமஸ்கிருதத்துக்குள் தெளிவான வேர் இல்லை. கிரேக்கம், லத்தீன் போன்ற உறவுமொழிகளிலும் இதற்குச் சொந்தக்காரர்கள் இல்லை. தமிழிலோ கட்டு என்ற வினை இருக்கிறது, தொட்டில், பாண்டில் என்று அக்கம்பக்கம் இருக்கிறது. அதனால்தான் சில அகராதிகள் 'கட்வா திராவிடத்திலிருந்து வந்திருக்கலாம், தமிழ்க் கட்டிலை ஒப்பிடுக' என்று குறிப்பு எழுதுகின்றன.

எதிர்ப்பக்கத்தில் இருப்பவற்றையும் சொல்லவேண்டும். கட்வாவின் முதல் எழுத்து மூச்சுக் காற்றோடு வரும் க. திராவிடத்தில் அந்த ஒலி கிடையாது. இங்கிருந்து போயிருந்தால் அந்த மூச்சு எங்கே ஒட்டிக்கொண்டது? வேறு சில கடன்சொற்களிலும் இப்படி ஆகியிருக்கிறது என்று பதில் சொல்லலாம், ஆனால் அது சமாளிப்பாகத்தான் தெரியும். அடுத்தது, பக்கத்து வீடுகள். மலையாளத்தில் கட்டில் உண்டு. ஆனால் தெலுங்கிலும் கன்னடத்திலும் அன்றாடப் பேச்சில் கட்டில் இல்லை, மஞ்சம், மஞ்ச என்கிறார்கள். நம் பழைய பாட்டு வரிகளில் வரும் அதே மஞ்சம், வடசொல். வடக்குக்கும் நமக்கும் நடுவில் இருக்கிற வீடுகளில் சொல் புழங்கவில்லை என்றால், அது இந்த வழியாக நடந்து போனது என்று அடித்துச் சொல்ல முடியுமா? என்னால் முடியவில்லை. 'இருக்கலாம்' என்பதைத் தாண்டி ஒரு அடி எடுத்துவைக்க எனக்கு ஆதாரம் இல்லை. ஸ்லைடில் அந்த 'லாம்' இல்லை. அதுதான் என் தப்பு.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போனால் மனசு கேட்காது. கட்வா நேர்வழியாகவும் தமிழுக்கு ஒருமுறை வந்திருக்கிறது, வேறு வேஷத்தில். தேவாரத்தில் சிவன் கையில் கட்டங்கம் என்று ஓர் ஆயுதம் வரும். சமஸ்கிருதத்தில் கட்வாங்கம், பிரித்தால் 'கட்டிலின் உறுப்பு'. கட்டில் கால் போன்ற தண்டம், அதன் தலையில் மண்டையோடு. பல்லவர்கள் இதைத் தங்கள் கொடியில் வைத்திருந்தார்கள். இங்கேயும் கால்தான்!

இவ்வளவு தேடியதில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் வேறு. உறுதியில்லாத காட்டைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த நேரத்தில், உறுதியாக இங்கிருந்து போன கட்டில்கள் இரண்டு கண்ணெதிரே இருந்தன. ஒன்று மலாய். மலேசியாவில் கட்டிலுக்கு 'காத்தில்' என்றுதான் பெயர், தமிழ்க் கட்டிலேதான். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் எத்தனை படுக்கை என்று செய்தி போடும்போது இத்தனை காத்தில் என்றுதான் எழுதுவார்கள். கடை, கப்பல், பெட்டி என்று மலாயில் ஏறிய நம் சரக்குகளோடு போன சாமான் இது.

இன்னொன்று போர்ச்சுகீசியம். அதில் 'கத்ரெ' என்றால் எளிய கட்டில். அங்கிருந்து ஸ்பானிய மொழிக்குப் போய் லத்தீன் அமெரிக்கா முழுக்க மடக்குக் கட்டிலுக்குப் பெயரானது. ஸ்பெயின்காரர்கள் பிலிப்பைன்ஸை ஆண்டதால் தகலோக் மொழியிலும் 'காத்ரெ' இருக்கிறது. இதன் மூலம் கட்டில்தான் என்று சொற்பிறப்பு அகராதிகள் சொல்கின்றன. மலையாளமா தமிழா என்பதில் மட்டும் வேறுபடுவார்கள். போர்ச்சுகீசியர்கள் முதலில் வந்து இறங்கியது கோழிக்கோட்டில், அதனால் மலையாளத்துக்கு உரிமை அதிகம் என்றே எனக்குப் படுகிறது. பரவாயில்லை, பக்கத்து வீடுதானே.

அந்தக் கோழிக்கோடு சம்பவம்தான் இந்தத் தேடலில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. 1498. வாஸ்கோ ட காமா சாமூத்திரி அரசரைப் பார்க்கப் போகிறார். அந்தப் பயணத்தில் உடன் இருந்தவர் எழுதிய நாட்குறிப்பில், அரசர் பச்சை வெல்வெட் விரித்த ஒரு படுக்கையில் திண்டுகளோடு சாய்ந்திருந்தார், கையில் வெற்றிலைச் சாறு துப்பும் பொற்கிண்ணம் என்று இருக்கிறது. இதே காட்சியை 16ஆம் நூற்றாண்டின் நடுவில் லிஸ்பனில் உட்கார்ந்து வரலாறு எழுதிய ஜோவாவோ டி பாரோஸ் என்பவர், இந்தியாவைக் கண்ணால் பார்க்காதவர், அரசர் இருந்தது அவர்கள் 'கத்லெ' என்று அழைக்கும் படுக்கையில் என்று சொல்லையும் சேர்த்தே குறித்து வைத்திருக்கிறார். ஹாப்சன்-ஜாப்சனில் காட் என்ற சொல்லுக்குக் கீழே இந்தக் குறிப்பு இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். அயல்நாட்டுத் தூதர் வந்திருக்கிறார், ராஜ்ய விஷயம், அரசர் கட்டிலில் இருக்கிறார். வந்தவர்கள் கண்ணுக்கு அது படுக்கை. ஊர்க்காரர்கள் கண்ணுக்கு அது அரசு கட்டில். சங்கப் புலவர்கள் சொன்ன பொருள் 1498இலும் உயிரோடு இருந்திருக்கிறது. கேட்ட போர்ச்சுகீசியர்கள் சொல்லை எடுத்துக்கொண்டார்கள், அரசை விட்டுவிட்டார்கள். சிம்மாசனமாகப் போன சொல் அந்தப் பக்கம் மடக்குக் கட்டிலாக இறங்கியது.

பதிலுக்கு அவர்கள் கொடுத்தது என்ன தெரியுமா? இருக்கை. இலங்கைத் தமிழில் நாற்காலிக்குக் 'கதிரை' என்கிறார்களே, அது போர்ச்சுகீசியச் சொல். நாம் எல்லாரும் சொல்லும் மேசை, அலமாரி, ஜன்னல், சாவி எல்லாமே அந்தக் கப்பலில் வந்தவைதான். கட்டிலைக் கொடுத்துக் கதிரையை வாங்கினோம். உட்காரத் தனியாக ஒரு சாமான் வந்த பிறகு கட்டில் படுப்பதற்கு மட்டும் என்று ஒதுங்கியது. உட்காரும் கட்டில் செய்தித்தாளின் ஒரு சொற்றொடரில் மட்டும் தங்கிப்போனது.

இதே மாதிரி இறங்கிவந்த இன்னொரு சொல் நம் மரச்சாமான் கடைகளின் போர்டிலேயே தொங்குகிறது: 'திவான் காட்'. பாரசீகத்தில் திவான் என்றால் முதலில் கணக்குப் பதிவேடு, பிறகு அதை வைத்திருக்கும் அரசாங்க அலுவலகம், பிறகு மந்திரி சபை, பிறகு அந்தச் சபை நடக்கும் கூடம், பிறகு அந்தக் கூடத்தின் சுவரோரம் மெத்தை போட்ட நீள இருக்கை. சமஸ்தானத்துத் திவானும் வரவேற்பறைத் திவானும் ஒரே ஆள்தான். அரசவையிலிருந்து கீழே வந்த சொல்லை, அரசவையில் ஒருகாலம் இருந்த இன்னொரு சொல்லோடு சேர்த்து, கீழே டிராயர் வைத்து, தவணையில் விற்கிறோம்.

நாற்காலியைப் பற்றி ஒரு சின்ன வேடிக்கை. ஹாப்சன்-ஜாப்சன் சொன்ன சார்பாய், இந்திச் சார்பாயி, நாலு கால் என்றுதான் பொருள். நமக்கு நாலு கால் என்றால் உட்காருவது, அவர்களுக்கு நாலு கால் என்றால் படுப்பது.

உயரம் என்று மேலே எழுதினேன். அதை சங்க காலத்தோடும் சாமூத்திரியோடும் விட்டுவிட்டால் நான் பாதி உண்மைதான் சொன்னவன் ஆவேன். தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில், சாதியில் தாழ்த்தப்பட்டவர்கள் மேல்சாதிக்காரர் முன்னால் கட்டிலில் உட்காரக் கூடாது என்பது எழுதாத சட்டமாக இருந்தது. சொந்த வீட்டு வாசலில் போட்ட சொந்தக் கட்டிலாக இருந்தாலும், தெருவில் 'பெரியவர்' வந்தால் எழுந்து நிற்கவேண்டும். எழாததற்காக அடி விழுந்த ஊர்கள் உண்டு. முரசு கட்டிலின் வாள் எங்கேயும் போய்விடவில்லை.

எங்கள் வீட்டிலும் பார்த்திருக்கிறேன். காட்டு வேலைக்கு வரும் ஒரு பெரியவர், தாத்தாவைவிட நாலைந்து வயது மூத்தவர். சாயங்காலம் கூலி வாங்க வருவார். வேப்பமரத்தடிக் கட்டிலில் தாத்தா இருப்பார். கட்டிலில் இன்னும் மூன்று பேர் உட்கார இடம் இருக்கும். அவர் கட்டில் காலுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு, "இல்ல சாமி, இருக்கட்டும் சாமி" என்று காப்பியைக்கூடத் தள்ளி வைத்துத்தான் குடிப்பார். தாத்தா நல்ல மனுஷர் என்று ஊரே சொல்லும். ஆனால் ஒருநாளும் அவரை "மேல உட்காருங்க" என்று சொன்னதில்லை. பத்து வயதுப் பையனான நான், தாத்தா பக்கத்தில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் கால் கிட்டத்தட்ட அவர் தோள் உயரத்தில் இருந்திருக்கும். அப்போது அது எனக்குக் கண்ணிலேயே படவில்லை. கட்டிலைப் பற்றிப் படிக்க ஆரம்பித்த பிறகு அடிக்கடி கண் முன்னால் வருகிறது.

அடுத்த பொங்கலுக்கு என்னை மறுபடி பேசக் கூப்பிட்டார்கள். அந்த ஸ்லைடில் காட்டை அடித்துவிட்டு, காத்திலையும் கத்ரெயையும் போட்டேன். கத்ரெக்கு அடியில் 'மலையாளமாகவும் இருக்கலாம்' என்று சின்ன எழுத்தில். காட் ஏன் போனது என்று இரண்டு நிமிஷம் விளக்கினேன். இந்தத் தடவை கைதட்டு குறைவு. கான்பூர்க்காரர் இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறார். கட்வாரூட கதையை அவருக்கு மெசேஜ் அனுப்பினேன். "எங்க அம்மா என்னை தினமும் காலையில் திட்டுவது இதைத்தான்" என்று பதில் வந்தது.

தாத்தாவுடைய மரக்கட்டில் இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி. ஏறி இறங்க முடியவில்லை. ஆசாரி வந்து பார்த்தார். "நல்ல மரம் சார், விடாதீங்க. கால்ல நாலு அங்குலம் எடுத்துட்டாப் போதும்" என்றார். நான் கொஞ்சம் தயங்கினேன். அம்மா உள்ளே இருந்தபடியே, "எடுக்கச் சொல்லுடா" என்றார்கள். எடுத்தாயிற்று. அறுத்த நாலு துண்டில் இரண்டை மகள் லேப்டாப்புக்கு அடியில் வைத்திருக்கிறாள். ஒன்று ரவுட்டருக்குக் கீழே. இன்னொன்றைக் காணோம்.